வெண்டிக்காய்க்கு வாக்குக் கேட்ட குற்றத்துக்காக

2025 மே 6 உள்ளூராட்சித் தேர்தலுக்காக மட்டக்களப்பில் ஊர் ஊராகப் போய் வாக்குப் போடும் முறையைச் சொல்லிக் கொடுக்கிறோமே, அதை யாரோ எடுத்து வெட்டிப் போட்ட அந்த வீடியோவைப் பார்த்தாயா, பார்த்தாயா என்று உள்பெட்டியில் கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். பார்த்தேன். நாற்பது செக்கன்தானே, ஒரு பதினைந்து தடவையாவது பார்த்திருப்பேன்.

ஒரு வயதான அம்மா "எதுல மகள் போடுற?" என்று கேட்கிறார். எங்களோடு வந்த பிள்ளையின் விரல் தாளில் ஓரிடத்தில் நிற்கிறது. வீடியோ முடிந்துவிட்டது. மேலே தலைப்பு: தன்னார்வலர் வேடத்தில் கட்சிப் பிரசாரம், பகிருங்கள். பகிர்ந்தீர்கள். நன்றாகவே பகிர்ந்தீர்கள்.

விரல் நின்ற இடத்தில் இருந்தது வெண்டிக்காய்.

எந்தக் கட்சியின் சின்னத்தையும் காட்டக்கூடாது என்பதற்காக நாங்கள் மரக்கறிகளை வைத்து ஒரு மாதிரி வாக்குச் சீட்டுச் செய்திருந்தோம். கத்தரிக்காய், வெண்டிக்காய், பூசணிக்காய், பயத்தங்காய். என் மூத்த மகள் கீறினாள். பூசணிக்காய் கொஞ்சம் கால்பந்து மாதிரி வந்துவிட்டது, அதற்கும் ஏதாவது அரசியல் அர்த்தம் இருக்கிறதா தெரியாது. வெட்டப்பட்ட பகுதியில் அந்தப் பிள்ளை சொன்னது, "உங்களுக்கு விருப்பமான ஒன்றுக்கு நேரே மட்டும் புள்ளடி (X) போடுங்க அம்மா, ரெண்டுக்குப் போட்டா செல்லாது." அந்த வரியை ஏன் தம்பி வெட்டினீர்கள்? நாற்பத்தைந்து செக்கன் என்றால் பேஸ்புக் ஏற்காதா?

வாக்கை எப்படிப் போடுவது என்று சொல்வது வேறு, யாருக்குப் போடுவது என்று சொல்வது வேறு. இதைத் திரும்பத் திரும்பச் சொல்லப் போகிறேன். அலுத்தவர்கள் இப்போதே கடந்து போகலாம்.

எனக்கு இதில் எப்படி ஆர்வம் வந்தது என்று சிலர் சந்தேகத்தோடு கேட்கிறார்கள். களுவாஞ்சிகுடியில் சின்னதாக ஒரு போட்டோக் கொப்பிக் கடை வைத்திருக்கிறேன். தேர்தல் அறிவித்தால் தபால் வாக்கு விண்ணப்பம் எல்லாம் எங்களைப் போன்ற கடைகளில்தான் வந்து விழும். ஆசிரியர், தாதி, தபால்காரர், பஸ் டிப்போக்காரர், டி.எஸ். ஒபிஸ் (பிரதேச செயலக) ஆட்கள், தேர்தல் கடமைக்குப் போகிறவர்கள் என எல்லோரும் வருவார்கள். எனக்குத் தபால் வாக்கு கிடையாது, நான் அரச ஊழியன் இல்லை. ஆனால் அந்தப் படிவத்தை என்னைவிட அதிகம் பார்த்தவர் இந்த ஊரில் இருப்பாரா தெரியவில்லை.

"தபால் வாக்கு போடுகிறவர்கள் படித்தவர்கள், அவர்களுக்குப் போய் நீங்கள் படிப்பிக்கிறீர்களா?" என்று ஒருவர் கேட்டிருந்தார். ஐயா, என் கடையில் ஒரு நாள் வந்து நில்லுங்கள். வாக்காளர் இடாப்பில் (பட்டியலில்) உள்ள தொடரிலக்கத்தை எழுத வேண்டிய இடத்தில் சம்பள இலக்கத்தை எழுதிய பட்டதாரியைப் பார்த்திருக்கிறேன். வாக்கெடுப்புப் பிரிவு இலக்கம் எது, ஜீ.எஸ். (கிராம சேவகர்) பிரிவு இலக்கம் எது என்று தெரியாமல் குத்துமதிப்பாக ஒன்றைப் போட்டுவிட்டுப் போகிறவர்கள் ஏராளம். போனில் தேர்தல் ஆணைக்குழுவின் இணையத்தளத்துக்குப் போய் அடையாள அட்டை இலக்கத்தை அடித்தால் எல்லா விபரமும் வரும். இரண்டு நிமிட வேலை. அந்த இரண்டு நிமிடத்துக்கு ஆள் இல்லை.

எனக்குத் தெரிந்த டீச்சர் ஒருவருக்கு ஒரு முறை இப்படித்தான் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. வாக்கு மண்டூரில், தேர்தல் கடமை வாகரையில். மற்றவர்களாவது அன்றைக்குச் சாவடிக்குப் போய்ப் போடலாம். இவர் எங்கே போவது? நாள் முழுக்க வாகரையில் இருந்து ஊராரின் வாக்குகளுக்குப் பெயர் வாசித்துவிட்டு வந்தார். தன் வாக்கு இல்லை. அவர் எம்.ஏ. முடித்தவர்.

படிவம் சரியாகப் போனாலும் முடிந்ததா? வாக்குச் சீட்டு அலுவலகத்துக்கு வரும். அத்தாட்சிப்படுத்தும் அலுவலருக்கு முன்னால்தான் வாக்களிக்க வேண்டும், ஆனால் எதில் புள்ளடி போடுகிறீர்கள் என்பதை அவருக்கும் காட்டக்கூடாது. சீட்டை மடித்துச் சின்ன உறைக்குள் வைத்து ஒட்ட வேண்டும். அடையாளப் பிரகடனத்தில் கையொப்பம் வைக்க வேண்டும். இரண்டும் சேர்ந்து பெரிய உறைக்குள் போக வேண்டும். பிரகடனத்தையும் சின்ன உறைக்குள்ளேயே வைத்து ஒட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். கையொப்பத்தை மறக்கிறவர்கள் இருக்கிறார்கள். இதைச் சொல்லிக் கொடுத்ததில் எந்தக் கட்சி வென்றது?

இந்தத் தேர்தலுக்குத் தபால் வாக்களிப்பு 2025 ஏப்ரலில்: 24, 25, 28, 29. விண்ணப்பம் ஏற்கப்பட்டவர்கள் இந்த நாட்களில் போட்டுவிடுங்கள். மே 6ஆம் திகதி சாவடிக்குப் போய் நின்றால் சீட்டுத் தர மாட்டார்கள். பாருங்கள், சண்டை பிடிக்க வந்த இடத்திலும் இதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

சாதாரண வாக்காளர்களுக்கும் குழப்பம்தான். எட்டு மாதத்துக்குள் மூன்று தேர்தல். 2024 செப்டம்பர் 21 ஜனாதிபதித் தேர்தலில் 1, 2, 3 என்று விருப்பத் தெரிவு எழுதலாம் என்றார்கள். நவம்பர் 14 பாராளுமன்றத் தேர்தலில் கட்சிக்குப் புள்ளடி, பிறகு கீழே இலக்கங்களுக்கு விருப்பு வாக்கு மூன்று வரைக்கும். இப்போது உள்ளூராட்சிக்கு ஒரேயொரு புள்ளடி, விருப்பு வாக்கு கிடையாது. செப்டம்பரில் நிராகரிக்கப்பட்ட வாக்குகள் 3 இலட்சம். நவம்பரில் 6 இலட்சத்து 67 ஆயிரத்துக்கும் மேல். இரண்டு மாதத்தில் சனங்கள் மடையர்களாகிவிட்டார்களா? வேண்டுமென்றே பழுதாக்கியவர்களும் இருப்பார்கள், சரி. ஆனால் எங்கள் மட்டக்களப்பு மாவட்டத்தின் மொத்த வாக்காளர்களே நாலரை இலட்சம் அளவில்தான். நவம்பரில் குப்பைக்குப் போனது அதைவிடக் கூட.

அதில் ஒன்று என் அப்பாவின் வாக்கு மாதிரியான வாக்காக இருக்கும் என்று எனக்குத் தோன்றும்.

அப்பா பள்ளிக்கூடம் போனதில்லை. வயது போன பிறகுதான் கையெழுத்து வைக்கப் பழகினார், பேங்கில் பெருவிரல் வைக்க வெட்கமாம். க என்ற எழுத்தைப் பெரிதாக, பந்தல்கால் மாதிரி நிமிர்த்திப் போடுவார். ஒரு தேர்தல் நாளில் வேட்டி கட்டிப் போய் வாக்குப் போட்டுவிட்டு வந்து, சாப்பிட உட்கார்ந்தபோது சொன்னார்: "புள்ளடியும் போட்டு, நம்மட ஆள்தான் போட்டது என்று தெரிய ஒப்பமும் வச்சிட்டு வந்தன்."

யார் போட்டது என்று அடையாளம் தெரிந்தால் அந்த வாக்கு செல்லாது. அது எனக்குத் தெரியும். அம்மாவுக்கும் தெரியும். அப்பா மீன் முள்ளை எடுத்துக்கொண்டிருந்தார், அம்மா இன்னும் கொஞ்சம் சோறு போட்டா. நான் வாயைத் திறக்கவில்லை. அப்பா போய்ச் சேரும் வரைக்கும் யாரும் அவரிடம் சொல்லவில்லை. வாக்களிக்கப் போக முன்னம் அவருக்கு ஒருவர், ஒரே ஒருவர், ஐந்து நிமிடம் சொல்லிக் கொடுத்திருக்கலாம். நானே சொல்லியிருக்கலாம்.

இனி "காசு எங்கேயிருந்து வருகிறது?" என்ற கேள்வி. தாள் என் கடையில் மிஞ்சியது. பெற்றோல் ஆளுக்கு ஆள் போட்டோம். குருமண்வெளியிலிருந்து மண்டூருக்குப் பாதையில் (வாவியைக் கடக்கும் மிதவைப் படகில்) போனோம். பிளேன்ரீயும் ரோல்ஸும் போன இடத்து வீடுகளில் தந்தார்கள், அதுவும் வெளிநாட்டு நிதி என்றால் வழக்குப் போடுங்கள்.

"தேர்தல் ஆணைக்குழு இருக்கிறதே, உங்களுக்கு என்ன வேலை?" இருக்கிறது. அவர்கள் துண்டுப் பிரசுரம் அடிக்கிறார்கள், இணையத்தில் போடுகிறார்கள். வாவிக்கு மேற்கே படுவான்கரையில் கண்ணாடி வாங்க வசதியில்லாத பெத்தாவுக்கு அதை வாசித்துக் காட்டுவது யார்? நீங்களா?

எங்கள் குழுவில் ஒரு தம்பி ஒரு கட்சியின் நிறத்தில் ரீசேர்ட் போட்டு வந்திருந்தான் என்பது உண்மை. பிழைதான். ஏசியாயிற்று. அடுத்த நாள் மாற்றிக்கொண்டு வந்தான்.

ஆனால் அந்தப் பிள்ளையைப் பற்றி எழுதினீர்களே, அதை மட்டும் விட மாட்டேன். வந்தாறுமூலைக் கெம்பஸில் (கிழக்குப் பல்கலைக்கழகத்தில்) மூன்றாம் வருடம் படிக்கிறவள். "யார் கூட்டிக்கொண்டு திரிகிறார்கள்", "எவ்வளவு கொடுத்தார்கள்" என்றெல்லாம் எழுதியவர்களில் இரண்டு பேர் என் கடையில் படிவம் நிரப்பிக்கொண்டு போனவர்கள். அவளின் அம்மா எனக்குப் போன் எடுத்து, "தம்பி, இனி அவள அனுப்பல" என்று மட்டும் சொன்னா. கோபப்பட்டிருந்தாலாவது பரவாயில்லை.

வெளிநாட்டில் இருந்து சிரிப்புப் பொம்மை போட்ட அண்ணன்மாருக்கும் ஒன்று. உங்களுக்குத் தபால் வாக்கு இல்லை, தெரியுமா? குவைத்திலும் கட்டாரிலும் வீட்டு வேலை செய்யும் எங்கள் அக்காமாருக்கும் இல்லை. அவர்கள் அனுப்பும் காசு நாட்டுக்கு வேண்டும், வாக்கு வேண்டாம். கட்டுநாயக்காவில் தைக்கிற பிள்ளைகளுக்கும் தபால் வாக்கு இல்லை. 150 கிலோமீற்றருக்கு அப்பால் இருந்து வாக்களிக்கப் போகிறவர்களுக்குச் சம்பளத்தோடு இரண்டு நாள் லீவு கொடுக்க வேண்டும் என்று ஒவ்வொரு தேர்தலுக்கும் அறிவிக்கிறார்கள். அங்கேயிருந்து இங்கே 300 கிலோமீற்றருக்கு வரும். அந்த லீவு இருக்கிறது என்பதே பாதிப் பேருக்குத் தெரியாது. அதைச் சொல்லவும் ஒரு வீடியோ எடுங்களேன், எல்லோரும் பகிர்கிறோம்.

2023 மார்ச் 9ஆம் திகதி நடக்க இருந்த இதே உள்ளூராட்சித் தேர்தல் ஞாபகம் இருக்கிறதா? அப்போதும் என் கடையில் தபால் வாக்கு விண்ணப்பங்கள் நிரப்பினோம். வாக்குச் சீட்டு அச்சடிக்கக் காசு இல்லை என்றார்கள். தேர்தலே நின்றது. அது அடிப்படை உரிமை மீறல் என்று உயர் நீதிமன்றம் 2024 ஓகஸ்டில் சொன்னது. 2018க்குப் பிறகு இப்போதுதான் பிரதேச சபைக்கு வாக்குப் போடப் போகிறோம். கிழக்கு மாகாண சபைக்குக் கடைசியாகப் போட்டது 2012இல். அப்போதெல்லாம் யாரும் நாற்பது செக்கன் வீடியோ போட்டதாக நினைவில்லை. ஒரு வெண்டிக்காய்க்கு வந்த ரோசம் அதற்கு வரவில்லை.

எப்படிப் போடுவது என்பதுதான். யாருக்கு என்று இல்லை. நாலாவது தடவையோ ஐந்தாவது தடவையோ சொல்கிறேன்.

சனிக்கிழமை மறுகா மண்டூர்ப் பக்கம் போகிறோம். காலை ஏழு மணிப் பாதை. மகள் புதுத் தாள் கீறித் தந்திருக்கிறாள். வெண்டிக்காயை எடுத்துவிட்டுப் பாகற்காய் போட்டிருக்கிறோம், அது யாருடைய சின்னம் என்று கண்டுபிடித்து வையுங்கள்.