வாய் துர்நாற்றத்துக்கு ஒரு வரித் துண்டு போதாது

சென்ற மாதம், பல் வைத்தியரான என் நாற்காலியில் வந்து அமர்ந்த அம்மாவுக்கு ஐம்பது வயதிருக்கும். தேயிலைக் கொழுந்துக் கறை ஏறிக் கறுத்த விரல்களால் சேலைத் தலைப்பை இழுத்து வாயை மூடிக்கொண்டே பேசினார். "மகள், மாஸ்க்கை நன்றாகப் போட்டுக்கொள்ளுங்கள்" என்று அவரே சொன்னபோது எனக்கு நெஞ்சு கனத்துவிட்டது.

பையில் இரண்டு பழைய துண்டுகள், வேறு பிரிவுகளுக்கு அனுப்பிய சீட்டுகள், வைத்திருந்தார். ஒன்று வயிற்று வைத்தியரிடம் அனுப்பியது, மற்றது காது மூக்கு தொண்டைப் பிரிவுக்கு. இரண்டிலும் ஒரே வரி: வாய் துர்நாற்றம். ஈறுகளைப் பற்றி ஒரு சொல் கிடையாது. ஒவ்வொரு துண்டுக்கும் விடியுமுன் தோட்டத்து லயன் வீட்டிலிருந்து இறங்கி, பஸ் பிடித்து, வரிசையில் நின்றிருக்கிறார். ஒவ்வொரு முறையும் அன்றைய பேர், அதாவது நாள் சம்பளம், போயிருக்கிறது.

கீழ்க் கடைவாய்ப் பல்லோரம் ஈறு அளக்கும் கருவியை மெல்ல இறக்கினேன். 3 மில்லிமீட்டருக்குள் நிற்க வேண்டியது 7 வரை போனது. இரத்தத்தோடு சீழும் வந்தது. நாக்கின் பின்புறம் தடித்த மஞ்சள் படிவு. இரண்டு வருடமாக அவர் தேடி அலைந்த பதில் அவருடைய வாய்க்குள்ளேயே இருந்தது.

பத்துப் பேருக்கு இந்தத் தொல்லை இருந்தால் எட்டு ஒன்பது பேருக்குக் காரணம் வாயில்தான். பல்லுக்கும் ஈறுக்கும் இடையிலுள்ள ஈறுப் பைகளிலும் நாக்கின் பின்புறத்திலும் தங்கும் பக்டீரியாக்கள் புரதத்தைச் சிதைத்துக் கந்தக வாயுக்களை வெளிவிடுகின்றன. வயிறு காரணமாவது அபூர்வம். இதைப் பரீட்சையில் எழுதிப் புள்ளி வாங்கிய நாம்தான், நோயாளி எதிரில் வந்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டு துண்டு எழுதுகிறோம். நானும் எழுதியிருக்கிறேன். சொல்ல வெட்கப்பட்டேன், அந்த வெட்கத்தின் செலவை நோயாளி தலையில் கட்டினேன்.

மலையகத்துப் பிள்ளையான எனக்கு இதில் இன்னொரு வலியும் உண்டு. 1970 முதல் 15 ஆண்டுகள் பல் மருத்துவ ஆய்வாளர் ஹரால்ட் லோவும் அவருடைய குழுவினரும் இலங்கைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்கள் 480 பேரின் ஈறுகளைத் தொடர்ந்து பார்த்தார்கள். பல் சிகிச்சை எதுவும் கிடைக்காத மக்கள். அவர்களில் 8 சதவீதத்தினருக்கு நோய் வேகமாக முற்றியது, 81 சதவீதத்தினருக்கு மிதமாக. 11 சதவீதத்தினருக்கு ஈறு அழற்சிக்கு மேல் போகவில்லை. உலகம் முழுவதும் பல் மருத்துவ மாணவர்கள் இந்தக் கணக்கைப் படிக்கிறார்கள். நம் மக்களின் வாயிலிருந்து பாடம் கற்ற துறை, அந்த வாயைப் பார்த்து மூக்கைச் சுளிப்பது நியாயமா?

பல் வைத்தியம் படிக்கும் தம்பி தங்கைகளே, முதலில் மாஸ்க்கைக் கழற்றுங்கள். நாக்கின் பின்புறத்தைக் கரண்டியால் வழித்து முகர்ந்து பாருங்கள்; இன்றைக்கும் முதல் கருவி மூக்குதான். கண்டதை நோயாளியிடம் தமிழிலேயே சொல்லுங்கள். பக்கத்தில் நிற்பவரிடம் வேறு மொழியில் கிசுகிசுக்காதீர்கள், அவருக்குப் புரியும். வெற்றிலை போடுகிறவர் என்றால் அதன்மேல் பழியைப் போட்டு அனுப்பிவிடாமல், வாய் எவ்வளவு திறக்கிறது, கன்னத்தின் உட்புறம் வெளுத்திருக்கிறதா என்றும் பாருங்கள். நாற்றமே இல்லாதபோதும் அது இருப்பதாக நம்பித் தவிப்பவர்களும் வருவார்கள். சிரித்துவிடாதீர்கள். அவர்களை மனநலப் பிரிவுக்கு அனுப்புவதற்கு முன் உட்கார்ந்து பேச அரைமணி நேரமாவது வேண்டும்.

துண்டு எழுதவே கூடாது என்று சொல்லவில்லை. அந்த அம்மாவுக்கு நானும் ஒன்று எழுதினேன். தாகம் அதிகமா, இரவில் எத்தனை முறை எழுந்து போகிறீர்கள் என்று கேட்டபோதுதான் சீனி வியாதிச் சந்தேகம் வந்தது. ஈறுகளின் ஆழம், சீழ், தாகம் எல்லாவற்றையும் குறித்து, இரத்தச் சீனி பார்த்துப் பதில் அனுப்பும்படி கேட்டு, ஈறுச் சிகிச்சையை நாங்கள் தொடங்கிவிட்டோம் என்றும் எழுதினேன். பிறகு அதை அவருக்குத் தமிழில் வாசித்துக் காட்டினேன்.

"அப்படியானால் இது வியாதிதானா, மகள்?" என்று கேட்டார்.

"வியாதிதான் அம்மா, வைத்தியம் இருக்கிறது" என்றேன்.

சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, இன்னொரு முறை வாசிக்கச் சொன்னார்.