கொறங்காட்டுக்கு வந்து போனவர்கள்

மூலனூர்ப் பக்கம் எங்களுக்கு ஒரு கொறங்காடு இருக்கிறது. தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: மானாவாரி நிலம், சுற்றிலும் கிளுவை வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல், அங்கங்கே வெள்வேல மரம். ஒரு காட்டில் புல் தீர்ந்தால் படலைத் திறந்து மாட்டை அடுத்த காட்டுக்கு ஓட்டுவோம். காய் உதிரும் காலத்தில் வெள்வேலங்காய் ஆடுகளுக்குத் தீனி. காங்கயம் மாடு இந்தக் காடுகளில் மேய்ந்து உருவான இனம்.

சில வருசத்துக்கு முன்னால் ஓர் ஆய்வுக் குழு வந்தது. தரையில் ஒரு சதுரச் சட்டகத்தை வைத்து, அதற்குள் இருந்த புல்லை அறுத்து எடை போட்டார்கள், மண் எடுத்தார்கள், அப்பாவைப் பக்கம் பக்கமாகக் கேள்வி கேட்டார்கள். மோர் கொடுத்து அனுப்பினோம். அதோடு சரி. என்ன கண்டுபிடித்தார்கள் என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது. தெற்குக் காட்டில் கொழுக்கட்டை ஏன் மெலிந்துகொண்டே போகிறது என்பதுதான் அப்பாவின் கேள்வி. அது அவர்கள் கொண்டுவந்த தாளில் இல்லை.

ஆலோசனை சொல்ல வருகிறவர்கள் கம்பு நேப்பியர் என்ற தீவனப் புல்லைப் போடச் சொல்கிறார்கள். அதில் கோ-4 ரகம் நல்ல புல்தான், தண்ணீர் இருக்கிறவனுக்கு. இத்தனைக்கும் கோவை வேளாண் பல்கலைக்கழகமே மானாவாரிக்கென நீலக் கொழுக்கட்டையில் கோ-1 ரகம் வெளியிட்டிருக்கிறது. அதைப் பற்றி எங்கள் காட்டில் வந்து பேசிய ஆள் இல்லை. புதிதாக உதிர்த்த கொழுக்கட்டை விதைக்கு உறக்ககாலம் உண்டு, உடனே முளைக்காது. இதைப் பின்னால் ஒரு கையேட்டில் படித்தபோது சிரிப்பு வந்தது. “புது வெதையப் போடாத கண்ணு, போன வருசத்ததைத் தூவு” என்று அப்பத்தா சொன்னதும் அதுதானே!

இதை வேறு மாதிரி செய்த ஓர் ஊர் உண்டு. அயர்லாந்தின் கிளேர் மாவட்டத்தில் பரன் என்று ஒரு சுண்ணாம்புக்கல் மேடு. அங்கே குளிர்காலத்தில்தான் மாட்டை மேலே ஏற்றுவார்கள். கோடையின் சூட்டைப் பாறை பிடித்து வைத்திருக்கும், தரையிலும் நீர் தேங்காது. மேய்ச்சல் குறைந்த இடங்களில் புதர் மண்டி, அரிய பூச்செடிகள் அமுங்க ஆரம்பித்தன. 2005-ல் 20 பண்ணைகளில் ஒரு திட்டம் தொடங்கியது. விவசாயிகள், டீகஸ்க் என்ற அரசு வேளாண் நிறுவனம், வனவிலங்குத் துறை எல்லாம் ஒன்றாக உட்கார்ந்தார்கள். மேட்டில் கொண்டுபோய்க் கொட்டிய ஊறுகாய்ப் புல்லால் (காற்றுப் புகாமல் புளிக்கவைத்த பச்சைத் தீவனம்) மாடுகள் ஒரே இடத்தில் நின்று தரையைக் கெடுத்தன. அதற்குப் பதிலாக ஒரு அடர்தீவனக் கலவையை அந்தப் பண்ணைகளிலேயே கொடுத்துப் பார்த்தார்கள். 2010-க்குப் பிறகு ஒவ்வொரு மேய்ச்சல் நிலத்துக்கும் பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண். மதிப்பெண் கூடினால் பணமும் கூடும். எப்படி மேய்ப்பது என்பது விவசாயியின் பாடு. ஆலோசகர் அவரோடு சேர்ந்து காட்டை நடந்து பார்ப்பார்.

எனக்குப் பிடித்தது அந்த நடைதான். விவசாயியின் கண்ணுக்குத் தெரிவதும் ஆலோசகரின் தாளில் இருப்பதும் ஒத்துப்போகவில்லை என்றால் அங்கேயே, அந்தப் புல் மேல் நின்றே சண்டை போட்டுக்கொள்ளலாம்.

நம் ஊரில் 2017 ஜல்லிக்கட்டுப் போராட்டத்துக்கு அப்புறம் காங்கயம் காளையோடு போட்டோ எடுக்காத ஆள் இல்லை. காளைக்குப் பரிசு உண்டு, மாலை உண்டு. அது மேயும் காட்டை உழாமல், மனையாகப் பிரித்து விற்காமல் வைத்திருப்பவனுக்கு என்ன கிடைக்கிறது? என் கணக்கில், காளைக்குக் கொடுக்கும் பணத்தில் பாதியைப் புல்லுக்குக் கொடுக்க வேண்டும்.

போன ஐப்பசியிலிருந்து ஒரு நோட்டுப் போட்டிருக்கிறேன். எந்தக் காட்டின் படலை எந்தத் தேதியில் திறந்தோம், எத்தனை உருப்படி, எத்தனை நாள் மேய்ந்தன, எப்போது மழை என்று எழுதி வருகிறேன். முதல் பக்கத்தில் அப்பாவின் தெற்குக் காட்டுக் கேள்வி. அடுத்த குழு வரட்டும், அதைப் படித்த பிறகுதான் மோர்.