பாட்டு கேட்காதீர்கள், அவர் வாசிக்கட்டும்

பங்க் எனப்படும், 1970களில் கிளம்பிய வேகமான முரட்டு ராக் இசையின் கலைஞர் ஒருவர் இன்னும் அச்சுக்குப் போகாத தன் வாழ்க்கைக் கதையை நம் முன்னால் உட்கார்ந்து வாசிக்கிறார் என்றால் அதைக் கச்சேரிக்கு ஒரு படி கீழே வைக்காதீர்கள். பிரிந்த குழுக்கள் மறுபடி கூடி, பழைய பாடல்களை அப்படியே திரும்ப இசைக்கும் கச்சேரிகளைவிட எனக்கு இதுதான் பெரிது. சமீபத்தில் அப்படி ஒரு வாசிப்புக்குப் போய் வந்த பிறகு இந்த எண்ணம் இன்னும் உறுதியாகிவிட்டது.

வாசித்தவர் 1970களின் இறுதியில் பிரிட்டனில் ஒரு பங்க் குழுவில் பேஸ் கிட்டார் வாசித்த பெண்மணி. யாரென்று இங்கே எழுதவில்லை. நூலை அவரே அறிவிக்கட்டும். ஒரு மேசை, ஒரு மைக், கையில் தாள்கட்டு, அவ்வளவுதான்.

அந்தக் காலத்து பிரிட்டன் பங்க் மேடைகளில் கூட்டம் குழுவின் மேல் எச்சில் துப்பும். அதையே பாராட்டாக நினைத்த காலம் அது. இதைப் பற்றி எவ்வளவோ பேர் எழுதிவிட்டார்கள், பெரும்பாலும் வீரக்கதையாக. இவர் எழுதியிருப்பது வேலையைப் பற்றி. எச்சில் பட்ட தந்தியில் விரல் வழுக்கும். பாட்டின் எந்த இடத்தில் இடது கைக்கு அரை நொடி ஓய்வு கிடைக்கும், அதற்குள் சட்டையில் எப்படித் துடைத்துக்கொள்வது என்று கணக்குப் போட்டு வைத்திருந்தாராம். இருபது வயதுப் பெண் ஒருத்தி மேடையில் நிற்க என்னவெல்லாம் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது என்பது அந்த ஒரு பத்தியிலேயே தெரிந்துவிட்டது.

அடுத்து குழு உடைந்த இரவு. முதலில், பேட்டிகளில் இத்தனை வருடமாகச் சொல்லிவந்த கதையை வாசித்தார்: மேடையில் சண்டை, பறந்து விழுந்த கிட்டார், பாதியில் நின்ற பாட்டு. பிறகு பக்கத்தைத் திருப்பி, உண்மையில் நடந்ததை வாசித்தார். சண்டையே இல்லை. வேன் அவரை அம்மா வீட்டு வாசலில் இறக்கிவிட்டுப் போனது. அதன் பிறகு யாரும் தொலைபேசியில் அழைக்கவில்லை. அவரும் அழைக்கவில்லை. முதல் கதைக்குச் சிரித்த அறை, இரண்டாவதற்கு அசையவே இல்லை. கேட்பவர்களுக்குப் பிடித்த பொய்யைக் கைவிட வயதும் வேண்டும், துணிவும் வேண்டும். தன் வரலாறு எழுதுகிற எல்லோருக்கும் அது வாய்ப்பதில்லை.

பங்க்குக்கும் வாசிப்புக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்களுக்கு ஒரு விஷயம். 1971 பிப்ரவரி 10 அன்று நியூயார்க்கின் செயின்ட் மார்க்ஸ் தேவாலயத்தில், பின்னாளில் பங்க் பாடகியாகப் புகழ்பெற்ற பட்டி ஸ்மித் கவிதை வாசித்தார். சில கவிதைகளுக்கு லென்னி கே எலெக்ட்ரிக் கிட்டாரோடு துணை நின்றார். 1975இல் வந்த ஸ்மித்தின் முதல் ஆல்பம் தொடங்கும் வரியே அவர் முன்பு எழுதிய ஒரு கவிதையிலிருந்து வந்ததுதான். லாஸ் ஏஞ்சலிஸின் எக்ஸ் என்ற பங்க் குழுவை எடுத்துக்கொள்ளுங்கள்: அதன் பாடகர்கள் எக்ஸீன் செர்வெங்காவும் ஜான் டோவும் சந்தித்துக்கொண்டது அதே நகரின் வெனிஸ் பகுதியில் நடந்த ஒரு கவிதைப் பட்டறையில். மான்செஸ்டரின் ஜான் கூப்பர் கிளார்க் பங்க் கச்சேரிகளில் வாத்தியம் எதுவும் இல்லாமல் தனியாக நின்று கவிதை சொன்னவர். வாசிப்பு பங்க்குக்குப் பின்னால் வந்து ஒட்டிக்கொண்ட விஷயமே இல்லை.

எனக்குக் கோபம் வந்தது கேள்வி நேரத்தில். முதல் கேள்வி, ஒரு புகழ்பெற்ற ஆண் பாடகரைப் பற்றி. இரண்டாவதும் அவரைப் பற்றியே. மூன்றாமவர் எழுந்து, ஒரு பாட்டு பாடுங்களேன் என்றார். இவ்வளவு நேரம் ஒரு மனுஷி தன் வாழ்க்கையை எடுத்து மேசைமேல் வைத்திருக்கிறார், நமக்கு வேண்டியது பக்கத்தில் நின்றவனின் கதையா? "இன்று நான் எழுத்தாளராக வந்திருக்கிறேன்" என்று மட்டும் சொன்னார். குரலை உயர்த்தவில்லை.

குழுவுக்குப் பிறகான வருடங்களைப் பற்றி ஒருவர்கூடக் கேட்கவில்லை என்பதுதான் எனக்கு ஆறவில்லை. பிரிட்டனின் ஸ்லிட்ஸ் என்ற பங்க் குழுவில் கிட்டார் வாசித்த விவ் ஆல்பர்டைன் 2014இல் எழுதிய தன்வரலாற்றில் என்னை உலுக்கியது இரண்டாம் பாதிதான். கிட்டாரைக் கீழே வைத்த பிறகு வந்த கருத்தரிப்புச் சிகிச்சை, புற்றுநோய், முறிந்த திருமணம், நடுவயதில் மறுபடி கிட்டாரைத் தொட்டது. இசை வரலாறுகள் கதையை முடித்துவிடும் இடத்தில் அவருடைய நல்ல பக்கங்கள் தொடங்குகின்றன. அன்று நான் கேட்ட, குழு உடைந்த இரவின் உண்மைக் கதையும் அந்த வகை.

காலமும் அதிகம் இல்லை. நியூயார்க்கின் ரமோன்ஸ் என்ற பங்க் குழுவைத் தொடங்கிய நால்வரில் ஜோயி 2001இல் போனார், டீ டீ 2002இல், ஜானி 2004இல், டாமி 2014இல். ஜானியின் தன்வரலாறு அவர் இறந்த பிறகுதான் வெளிவந்தது. அதை அவர் குரலில் கேட்கும் வாய்ப்பு யாருக்கும் இல்லை. எக்ஸ்-ரே ஸ்பெக்ஸ் என்ற பிரிட்டிஷ் பங்க் குழுவின் பாடகி பாலி ஸ்டைரீன் 2011இல் இறந்தபோது வயது 53. இவர்களோடு மேடையேறி, பெயர்கூடப் பதிவாகாமல் போன பேஸ்காரர்களும் டிரம்மர்களும் எத்தனை பேரோ.

எனவே இப்படி ஒரு வாசிப்பு நடக்கிறதென்று தெரிந்தால் போய் உட்காருங்கள். கை தூக்கிக் கேட்பதாக இருந்தால் அவரைப் பற்றிக் கேளுங்கள். பதிப்பாளருக்கும் எனக்கு ஒரு வேண்டுகோள் இருக்கிறது: ஒலிநூல் போடும்போது பயிற்சி பெற்ற நடிகர் யாரையும் கூப்பிட வேண்டாம். மூச்சு வாங்கினாலும் வார்த்தை தடுக்கினாலும், அவரையே வாசிக்க விடுங்கள்.