பழகிவிடும் என்று இனி யாரும் சொல்லாதீர்கள்

லேப்டாப்பின் டிராக்பேடில், அதாவது விரலால் தடவிக் கர்சரை நகர்த்தும் பலகையில், வேலை பார்க்கத் தொடங்கி மூன்று வாரம் ஆகிறது. "பழகிடும், பழகிடும்" என்று பார்க்கிறவர்கள் எல்லாம் சொல்லிவிட்டுப் போகிறார்கள். பழகவில்லை. ஆள்காட்டி விரல் கணுவில் வலிதான் வந்திருக்கிறது.

பதினோரு வருடமாக டிராக்பாலில், அதாவது பந்தை உருட்டிக் கர்சரை நகர்த்தும் கருவியில், வேலை செய்தவன் நான். கல்யாணப் பத்திரிகை, வளைகாப்பு, கண்ணீர் அஞ்சலி என்று நாள் முழுக்க டிசைன் வேலை. கை மேசையில் அப்படியே கிடக்கும், கட்டைவிரல் பந்தை உருட்டும், ஆள்காட்டி விரல் பட்டனில் இருக்கும். நகர்த்துவது ஒரு விரல், அழுத்துவது வேறு விரல். டிராக்பேடில் இந்த இரண்டையும் ஒரே விரல் தலையில் கட்டிவிட்டார்கள். புது ஆபீஸில் கொடுத்த லேப்டாப்பில் வெளியிலிருந்து எதையும் செருகக் கூடாதாம், மவுஸ்கூட.

நேற்று ஒரு முகூர்த்தப் பத்திரிகை, எட்டு மணிக்குள் அச்சுக்குப் போக வேண்டும். பெரியவர்கள் பெயர் இருக்கிற பெட்டியைப் பக்கத்தின் அடிக்கு இழுக்கிறேன், பாதி வழியிலேயே பேடின் விளிம்பு வந்துவிடுகிறது. விரலை எடுத்தால் பெட்டி அங்கேயே நின்றுவிடும். சரி, இடது கை விரலால் அழுத்திப் பிடித்து வலது கையால் இழுக்கலாம் என்று பார்த்தால், இரண்டு விரல் பட்டுவிட்டது என்று பக்கத்தையே உருட்டிவிடுகிறது. தாத்தா பெயர் போய் மணமகள் பெயர் மேல் ஏறி உட்கார்ந்தது. ஏழு தடவை அன்டூ. மவுஸில் மூன்று நொடி வேலை இது!

அழுத்துவதாவது ஒழுங்காக இருக்கிறதா? இந்தப் பேடுக்கு மேல் விளிம்பில் கீல், அதனால் கீழ்ப்பக்கம் மட்டும்தான் அழுந்தும், மேலே குத்தினாலும் அசையாது. ரைட் கிளிக்குக்கு எல்லைக் கோடு கிடையாது, விரலுக்கு எதுவும் தட்டுப்படாது, கண்ணால் பார்த்துத்தான் அழுத்த வேண்டும். டைப் செய்யும்போது உள்ளங்கை லேசாகப் பட்டால் கர்சர் வேறு வரிக்குத் தாவிவிடும். "மயிலாடுதுறை" என்று அடித்திருந்த இடத்தில் "மயிலாதிருடுதுறை" என்று கிடந்தது. "திருமண" என்று கீழே அடிக்கப் போன எழுத்து அது. புரூஃபில் கண்ணில் படாமல் போயிருந்தால் ஆயிரம் பத்திரிகையும் வீண், அந்தக் குடும்பத்துக்கு யார் பதில் சொல்வது?

அப்புறம் வியர்வை. விரல் படும் இடத்தில் ஏற்படுகிற சின்ன மின் மாற்றத்தை வைத்துத்தான் இந்தப் பேடு விரலைக் கண்டுபிடிக்கிறது, ஈரம் பட்டால் குழம்பிவிடும். மே மாதச் சென்னையில், மின்விசிறிக்கு எட்டாத மூலையில் உட்கார்ந்திருப்பவனுக்கு இதைக் கொடுக்கலாமா? வேட்டி நுனியில் விரலைத் துடைத்துத் துடைத்து வேலை பார்க்கிறேன்.

1991ல் வந்த ஆப்பிளின் முதல் பவர்புக் லேப்டாப்புகளில் டிராக்பால்தான் இருந்தது. 1994ல் பவர்புக் 500 வரிசையில் அதை எடுத்துவிட்டு டிராக்பேட் வைத்தார்கள். பந்தில் தூசி சேரும், உண்மைதான், வாரம் ஒரு தடவை கழற்றித் துடைத்தால் போதும், நான் துடைத்துக்கொண்டுதான் இருந்தேன். இரண்டு விரலால் பக்கம் உருட்டுவது நன்றாகவே இருக்கிறது, மறுக்கவில்லை. ரயிலில் மெயில் பார்க்கிறவருக்கு இது போதும். ஒரு நாளைக்கு ஆயிரம் தடவை எதையாவது பிடித்து இழுக்கிறவனுக்குப் போதாது.

நாளைக்கு ஆபீஸில் மறுபடியும் எழுதிக் கேட்கப் போகிறேன். அவர்கள் வாங்கித்தர வேண்டாம், என்னுடைய டிராக்பால் வீட்டில் சும்மாதான் கிடக்கிறது. செருக விட்டால் போதும்.