தவில் போட்டுக் கேட்டால் என்ன குறைந்துவிடும்?

நேற்றிரவிலிருந்து அந்த ஸ்கிரீன்ஷாட்டை எனக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும் நண்பர்களே, போதும். பார்த்துவிட்டேன். "தோட்டத்துக் காதுக்கு உருமி மேளமே போதும், இவருக்கு எதுக்கு ஹை எண்டு" என்று எழுதியவர் யார், அதன் கீழே சிரிப்புப் பொம்மை போட்டவர்கள் யார் யார் எல்லாம் தெரியும். பாதிப் பேர் என் கல்யாணத்தில் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டவர்கள். பெயர் சொல்லப் போவதில்லை.

அப்படி என்ன எழுதிவிட்டேன்? கோலாலம்பூரில் நடந்த ஆடியோ ஷோவில் கேட்ட 'ஹை எண்டு' சிஸ்டங்களை, அதாவது விலை உயர்ந்த ஸ்பீக்கர், ஆம்ப்ளிஃபயர் செட்டுகளை, ஒப்பிட்டு நாலு வரி. இருப்பதிலேயே விலை கூடிய அறையில் தவில் தவில் மாதிரிக் கேட்கவில்லை என்றேன். அவ்வளவுதான். விலைப்பட்டியலைப் பார்த்துவிட்டு எழுதியிருந்தால் எல்லோரும் லைக் போட்டிருப்பார்கள். காதால் கேட்டதை எழுதிவிட்டேன்.

மறுபடியும் சொல்கிறேன், நிதானமாகவே சொல்கிறேன். ஒரு சிஸ்டம் நல்லதா இல்லையா என்று பார்க்க, நாம் நேரில் கேட்டுப் பழகிய ஒலியைத்தான் அதில் போட்டுக் கேட்க வேண்டும். ஷோவில் எந்த அறைக்குப் போனாலும் ஒரு வெள்ளைக்கார அம்மா காதுக்குள் கிசுகிசுப்பது போல ஜாஸ் பாடுகிறார். அருமையாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த அம்மாவை நான் நேரில் கேட்டதே இல்லை. அவர் குரல் அசலாக வருகிறதா, மெருகு பூசி வருகிறதா என்று நான் எதை வைத்துச் சொல்வது? தவில் அப்படியில்லை. சுங்கை சிப்புட்டில், தோட்டத் தொழிலாளர் லயத்தில் (வரிசை வீட்டில்) பிறந்து வளர்ந்தவனுக்கு, மைக் இல்லாமல் பத்தடி தூரத்தில் நின்று தவில் கேட்பது சின்ன வயதுப் பழக்கம். வலந்தலை என்கிற வலப்பக்கத்தில் விரல் கூடு மாட்டிய கை, தொப்பி என்கிற இடப்பக்கத்தில் குச்சி. ஒரு பக்கம் சுரீர் என்று வெடிக்கும், மறுபக்கம் அடிவயிற்றில் இறங்கும். இரண்டையும் ஒரே நேரத்தில் குழப்பாமல் கொடுப்பது எந்த ஸ்பீக்கருக்கும் லேசான வேலை இல்லை. அதனால்தான் பென்டிரைவில் நாதஸ்வரமும் தவிலும், கூடவே எஸ்.பி.பி.யும் ஜானகியம்மாவும் பாடிய ஒரு டூயட்டும் எடுத்துக்கொண்டு போனேன்.

அந்த விலை கூடிய அறையில் இருந்தவர் நம்ம தம்பிதான். பென்டிரைவைக் கையில் வாங்கக்கூட இல்லை. "தமிழ்ப் பாட்டுல சிஸ்டத்தோட அருமை தெரியாதுண்ணே." நான் விடவில்லை, அரை மனதோடு போட்டார். பேஸ், அதாவது அடித்தொனி, 'பொம்' என்று எழுந்து அறை முழுக்க நின்றுகொண்டது. குச்சி அடி எங்கே முடிகிறது, அடுத்தது எங்கே ஆரம்பிக்கிறது என்றே தெரியவில்லை. இதில் ஸ்பீக்கரை மட்டும் குறை சொல்ல முடியாது. நாலு மீட்டர் இடைவெளியில் எதிரெதிரே சுவர் இருந்தால் 43 ஹெர்ட்ஸ் பக்கத்தில் உள்ள பேஸ் ஒலி சுவருக்குச் சுவர் மோதித் தேங்கும், அது இயற்பியல். அவ்வளவு பெரிய பேஸ் யூனிட்டுகளை ஹோட்டல் அறையில் அடைத்தால் அதுதான் நடக்கும். சத்தத்தைக் கொஞ்சம் குறைக்கச் சொன்னேன். குறைக்கவில்லை. ஒரே பாட்டை ஒரு டெசிபெல் கூட்டி வைத்தாலே மனிதக் காது அதைத்தான் 'நல்ல சிஸ்டம்' என்று சொல்லும். விற்கிறவர்களுக்கு இது தெரியாதா? வெளியே வரும்போது கேபிள் விலையைப் பார்த்தேன். அந்தப் பணத்துக்கு என் மைவி கார் வந்துவிடும், ரோட் டேக்ஸ் சேர்த்து.

இரண்டு அறை தள்ளி ஒரு சீன அங்கிள். எல்எஸ்3/5ஏ வகைக் குட்டி ஸ்பீக்கர் பெட்டிகள். 1970களில் பிபிசி தன் வெளிப்புற ஒலிபரப்பு வேன்களுக்காக வடிவமைத்தது, உயரம் ஓரடிதான். பென்டிரைவை நீட்டியதும் வாங்கிச் சொருகினார், கண்ணை மூடிக் கேட்டார், "இது என்ன டிரம்?" என்று விசாரித்தார். பேஸ் குறைவுதான், மறைக்கவில்லை. ஆனால் ஜானகியம்மா மூச்சு இழுப்பதும் எஸ்.பி.பி. சிரிப்பை அடக்கிக்கொண்டு பாடுவதும் அங்கே கேட்டது. மனிதக் குரல் அங்கேதான் மனிதக் குரலாக இருந்தது.

ஆனால் நான் போய் உட்கார்ந்துவிட்டது ஹார்ன் ஸ்பீக்கர் அறையில். ஆள் உயரத்துக்கு இரண்டு பெரிய கூம்புகள், 300பி என்ற வால்வு (கண்ணாடிக் குழல்) போட்ட ஆம்ப்ளிஃபயர். 1930களில் வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் உருவாக்கிய வால்வு அது, சினிமாக் கொட்டகைகளில் உழைத்தது. ஒற்றை வால்வுக்கு எட்டு வாட் கிடைத்தால் அதிகம். அது எப்படிப் போதும் என்றால், ஒவ்வொரு 3 டெசிபெல் கூடுவதற்கும் ஆம்ப்ளிஃபயர் இரண்டு மடங்கு சக்தி தர வேண்டும். ஒரு வாட்டுக்கு 85 டெசிபெல் சத்தம் தரும் பெட்டி 100 வாட் கேட்கும் சத்தத்தை, ஒரு வாட்டுக்கு 100 டெசிபெல் தரும் ஹார்ன் மூன்று வாட் சொச்சத்தில் கொடுத்துவிடும். தவில் அங்கே என் முன்னால் உட்கார்ந்து வாசித்தது. நாதஸ்வரம் நாதஸ்வரமாகவே வந்தது, அந்த முரட்டுத்தனத்தோடு.

எனக்குச் சிரிப்பு வந்தது. என் பெரியப்பா தோட்டத்துக் கல்யாணங்களுக்கும் மாரியம்மன் கோயில் திருவிழாவுக்கும் மைக் செட் கட்டியவர். வால்வு ஆம்ப்ளிஃபயர், மரத்தில் கட்டிய குழாய் ஸ்பீக்கர். வால்வு சூடேறும்போது தூசி கருகும் வாசம் வருமே, அது எனக்கு இன்றும் திருவிழா வாசம். செட்டைக் கட்டி முடித்ததும் என்னைத்தான் விரட்டுவார்: "ஓடிப் போய் லயத்துக் கடைசி வீட்டு ஆயாவுக்கு வார்த்தை புரியுதான்னு கேட்டுட்டு வாடா." புரியவில்லை என்றால் சத்தத்தை ஏற்றமாட்டார். குழாயைத் திருப்பிக் கட்டுவார், இறக்கிக் கட்டுவார், மறுபடி என்னை ஓடவிடுவார். எனக்குத் தெரிந்த முதல் ஆடியோ விமர்சகர் அந்த ஆயாதான். பெரியப்பா வைத்திருந்த அதே கூம்பையும் அதே வால்வையும் இன்று கம்பளம் விரித்து விளக்குப் போட்டு லட்சக்கணக்கான வெள்ளிக்கு விற்கிறார்கள். தோட்டத்தில் இருந்தால் மைக் செட், ஹோட்டலில் இருந்தால் ஹை எண்டு!

உடனே ஒருவர் வருவார், "கோயில் குழாயும் இதுவும் ஒன்றா?" என்று. ஒன்றில்லை. கோயில் குழாயில் பேஸும் கிடையாது, உச்ச ஸ்தாயியும் கிடையாது, பேச்சு தூரம் போவதற்காகச் செய்தது. எனக்குத் தெரியும் ஐயா. தத்துவம் ஒன்று என்றேன், தரம் ஒன்று என்று சொல்லவில்லை.

"ஷோவில் கேட்டதை வைத்து முடிவு செய்யலாமா, அறை சரியில்லையே" என்று இன்னொருவர். நியாயமான கேள்வி. ஆனால் அதே அறையில் அதே சிஸ்டத்தைக் கேட்டுவிட்டு 'தெய்வீகம்' என்று எழுதினார்களே, அவர்களிடம் யாராவது அறையைப் பற்றிக் கேட்டீர்களா? பாராட்டினால் காது, குறை சொன்னால் அறை.

"பழைய தமிழ்ப் பாட்டு ரெக்கார்டிங் சரியில்லை, நல்ல சிஸ்டம் அதைக் காட்டிக்கொடுக்கும்." காட்டிக்கொடுக்கட்டும். அதே ரெக்கார்டிங்தான் குட்டிப் பெட்டியில் நன்றாக இருந்தது. அப்புறம், வாழ்நாள் முழுக்க நான் கேட்கப் போவது இந்தப் பாட்டுகளைத்தானே? இதைக் கேட்கவிடாத சிஸ்டத்தை வாங்கி, அந்தக் கிசுகிசு அம்மாவோடு குடித்தனம் நடத்தவா?

"நீ என்ன வாங்கவா போகிறாய்?" இதுதான் உள்ளே தைத்தது. இல்லை, வாங்கப் போவதில்லை. பணம் இல்லை. பணம் இல்லாதவன் கேட்கவும் கூடாது, கேட்டாலும் சொல்லக் கூடாது, அப்படித்தானே?

உருமி போதும் என்றவரே, உங்களுக்கு உருமி தெரியாதா? வளைந்த குச்சியால் தோலைத் தேய்க்கும்போது அடியிலிருந்து ஏறிவரும் அந்த உறுமலை அப்படியே கொடுக்கும் ஸ்பீக்கர் எந்த அறையில் இருந்தது, காட்டுங்கள், நானும் வந்து கேட்கிறேன். உங்கள் அப்பாவும் என் அப்பாவும் ஒரே பெரட்டில், அதாவது தோட்டத்துக் காலைப் பெயர்ப்பதிவில், நின்று பெயர் கொடுத்தவர்கள். நம் லயம் இருந்த இடத்தில் இன்று செம்பனை நிற்கிறது, உங்கள் வீடு பெட்டாலிங் ஜெயாவில் நிற்கிறது. சந்தோஷம், உண்மையாகவே சந்தோஷம். ஆனால் திருவிழாவுக்கு வரும்போதெல்லாம் காதைப் பொத்திக்கொண்டு "என்ன சத்தம் இது" என்று முகம் சுளிக்கிறீர்களே, அந்தச் சத்தத்தில்தான் நீங்களும் தூங்கி எழுந்தீர்கள். உங்கள் அம்மா இன்னும் அதே கோயிலில்தான் பால்குடம் எடுக்கிறார். தோட்டத்துக் காது என்றால் அது அவருக்கும் சேர்த்துத்தான்.

சரி. "விடுங்கண்ணே, ஜோக்கு" என்று கமெண்ட் வந்தால் அழிப்பேன், முன்கூட்டியே சொல்லிவிட்டேன். அந்தச் சீன அங்கிள் கடைக்கு வரச் சொல்லியிருக்கிறார், என்ன வேண்டுமானாலும் போட்டுக் கேள் என்றார். சனிக்கிழமை காலையில் கிளம்புகிறேன். உருமி ரெக்கார்டிங் நல்லதாக யாரிடமாவது இருந்தால் அனுப்புங்கள், எம்பி3 வேண்டாம். காரில் இரண்டு பேருக்கு இடம் இருக்கிறது, டோல் காசைப் பங்கு போட்டுக்கொள்ளலாம்.