கத்தியால் கீறினால் ஆறாதுதான், அதற்கென்ன இப்போது?

அந்த வீடியோவை இதுவரை பதினோரு பேர் எனக்கு அனுப்பிவிட்டார்கள். பார்த்தாகிவிட்டது, போதும். முதுகில் விழும் கீறல் தானாக ஆறிவிடும் என்று சொல்லி எல்ஜி விற்ற ஜி ஃப்ளெக்ஸ் என்ற வளைந்த போனைக் கவிழ்த்துப் போட்டு, கத்தியால் அதன் முதுகில் ஒரு இழுப்பு இழுத்துவிட்டு, "ஆறிடுச்சா? ஆறலையே!" என்று கேமராவைப் பார்த்துச் சிரிக்கிறார் அந்த மனிதர். கீழே "வெறும் கிம்மிக்", அதாவது விற்பதற்காகக் காட்டும் வித்தை, என்று கமெண்ட், ஹாஹா மழை. அதில் ஒன்று என் நெருங்கிய நண்பனுடையது. "உன் வாழைப்பழ போன் ஞாபகம் வந்துச்சு" என்று என்னை டேக் வேறு செய்திருக்கிறான். அதனால்தான் இந்தப் பதிவு.

கிம்மிக் வேறு, பாதியில் நின்ற முயற்சி வேறு. இந்த ஒன்றை மட்டும் ஒப்புக்கொண்டால் நான் பேசாமல் போய்விடுவேன்.

எல்ஜி ஜி ஃப்ளெக்ஸ் 2013 கடைசியில் வந்தது. அதன் முதுகில் இருந்த பூச்சு மந்திர மருந்து எதுவும் இல்லை, மீள்தன்மை உள்ள ஒரு பாலிமர். சாவியோ நகமோ உரசும்போது அந்தப் பூச்சு அமுங்குகிறது, பிய்ந்து போவதில்லை. அமுங்கியது மெல்லப் பழைய நிலைக்கு வருகிறது, கொஞ்சம் சூடு இருந்தால் சீக்கிரம் வருகிறது. கத்தி அப்படியா? அது பொருளையே அறுத்து எடுத்துவிடுகிறது. திரும்பி வர அங்கே என்ன மிச்சம் இருக்கிறது? மயிரிழைக் கீறல்களுக்கான பூச்சைக் கத்தியால் சோதிப்பது, குடையை நீர்வீழ்ச்சிக்கு அடியில் பிடித்துவிட்டு "நனைஞ்சுட்டேன்" என்று புகார் சொல்வது மாதிரி.

முதல் மாடலில் கீறல் மறையச் சுமார் மூன்று நிமிடம் ஆனது. 2015-இல் வந்த ஃப்ளெக்ஸ் 2-இல் அது பத்து வினாடி என்றார்கள். ஒரே தலைமுறையில் இவ்வளவு தூரம் வந்ததைத்தான் கிம்மிக் என்கிறீர்கள்.

சரி, வளைவுக்கு வருவோம். "போனை எதுக்குய்யா வளைக்கணும்?" என்று கேட்பவர்கள் தங்கள் முகத்தை ஒருமுறை தடவிப் பார்க்கலாம். காதிலிருந்து வாய்வரை முகம் பலகை மாதிரியா இருக்கிறது? போன் வளைந்திருந்தால் மைக் வாய்க்குப் பக்கத்தில் வரும். கவிழ்த்து வைத்தால் திரையின் நடுப்பகுதி மேசையில் படாது. கண்ணாடிக்குப் பதில் பிளாஸ்டிக் அடித்தளத்தில் திரையைச் செய்து, பேட்டரியையே வளைத்துச் செய்திருந்தார்கள். 40 கிலோ அளவுக்கு அழுத்தினாலும் தட்டையாகிப் பழையபடி வளைந்துகொள்ளும் என்றார்கள். அடுத்த வருடமே ஐபோன் 6 பிளஸ் பாக்கெட்டில் வளைந்துபோகிறது என்று ஊரெல்லாம் பேச்சு. அது வளைந்தால் வளைந்ததுதான், தானாக நிமிராது. எது புத்திசாலித்தனம் என்று நீங்களே சொல்லுங்கள்.

நான் அதன்மேல் உட்கார்ந்தே பார்த்திருக்கிறேன். வேண்டுமென்று இல்லை, பின்பாக்கெட்டில் இருந்தது மறந்துவிட்டது. அடியில் மெல்ல ஒரு அசைவு, பதறி எழுந்தேன். எடுத்துப் பார்த்தால் ஒன்றுமே நடக்காதது மாதிரி வளைந்து கிடக்கிறது. அன்று என்னோடு இருந்தது யார் தெரியுமா? இப்போது ஹாஹா போட்ட அதே ஆள். போனை வாங்கி நகத்தால் கீறிக் கீறி, கோடு மறைவதை அரைமணி நேரம் குழந்தை மாதிரிப் பார்த்துக்கொண்டிருந்தான். "எனக்கும் ஒண்ணு வாங்கணும்டா" என்றான். அதெல்லாம் இப்போது ஞாபகம் இருக்காது.

குறையே இல்லையா என்றால், இருந்தது. ஆறு அங்குலத் திரைக்கு 720 பிக்சல் போதாது, அதை விடுங்கள். பெரிய குறை, அந்தப் பூச்சைத் தவறான பக்கத்தில் பூசியதுதான். முதுகு பளபளவென்று இருக்கும், முகம் முழுக்கக் கோடு. என் போனிலும் அப்படித்தான் ஆனது. மணல் ஒட்டிய சாவியோடு ஒரே பாக்கெட்டில் போட்டது என் தப்பு. எது எதைக் கீறும் என்று காட்டும் மோஸ் கடினத்தன்மை அளவில் மணலில் இருக்கும் குவார்ட்ஸ் ஏழு, போன் கண்ணாடியில் ஆறிலேயே கோடு விழத் தொடங்கிவிடும். ஆற வேண்டிய இடத்தில் ஆறவில்லை. ஆனால் அதைத்தான் பாதியில் நின்ற முயற்சி என்கிறேன்!

"அந்த கம்பெனியே போன் தொழிலை விட்டுட்டுப் போயிடுச்சே" என்று ஒருவர் கமெண்டில் கேட்டிருந்தார். ஆமாம், 2021-இல் விட்டார்கள். விற்காததெல்லாம் கிம்மிக் என்றால், விற்றதெல்லாம் உபயோகமா? ஓரம் வளைந்த திரையை வருடக்கணக்கில் விற்றார்களே, அதற்கு ஏன் யாரும் கத்தி எடுக்கவில்லை? கை பட்டாலே ஏதோ ஒன்று திறந்துகொள்ளும், டெம்பர்டு கிளாஸ் ஒழுங்காக ஒட்டாது. நானும் அப்படி ஒன்று வாங்கினேன், பெயர் வேண்டாம். இடுப்பு உயரத்திலிருந்து விழுந்ததும் ஓரத்திலிருந்து விரிசல் ஓடிவிட்டது. அதை வாங்கியபோது இதே நண்பர்கள் "செம லுக்" என்றார்கள். இப்போது எல்லாரும் மறுபடி தட்டைத் திரைக்கே போகிறார்கள்.

சாம்சங்கின் கேலக்ஸி ரவுண்ட், அதுவும் 2013 தான், மேசையில் வைத்து ஊஞ்சல் மாதிரி ஆட்டினால் மணி காட்டும். அது கிம்மிக். அங்கே சிரியுங்கள், நானும் சேர்ந்து சிரிக்கிறேன்.

மடக்கும் போன்களை இப்போது வாய் பிளந்து பார்க்கிறீர்களே, அதில் என்ன பிரச்சினை? திரை மடங்க வேண்டுமென்றால் மேற்பரப்பு மெலிதாக, மென்மையாக இருக்க வேண்டும். மென்மையாக இருந்தால் நகம் பட்டாலே தடம் விழும். 2019-இல் முதல் கேலக்ஸி ஃபோல்டின் மேலிருந்த பாதுகாப்புப் படலத்தைச் சிலர் ஸ்கிரீன் கார்டு என்று நினைத்து உரித்துவிட்டார்கள், திரையே போய்விட்டது. ஏப்ரலில் வர வேண்டிய போன் செப்டம்பரில்தான் வந்தது. தானாக ஆறும் மேற்பரப்பு வேண்டும் என்றால் அங்கேதான் வேண்டும். நீங்கள் சிரித்து விரட்டிய அந்த யோசனை அங்கேதான் தேவைப்படுகிறது.

போனை யார் கேலி செய்தாலும் எனக்கு ஒன்றும் இல்லை, உண்மையாகத்தான் சொல்கிறேன். ஆனால் "புதுசா எது வந்தாலும் வாங்கி ஏமாறுறதுக்குன்னே ஒருத்தன் இருக்கான்" என்று அந்த டேக்கின் கீழே எழுதியது போனைப் பற்றி இல்லையே. யாராவது முதலில் வாங்கிப் பார்த்தால்தானே நீங்கள் நான்கு வருடம் கழித்து விவரமாக வாங்க முடிகிறது? எந்த போன் வாங்கலாம் என்று ஒவ்வொரு முறையும் ராத்திரி பத்து மணிக்கு எனக்குத்தானே போன் செய்வாய்?

அது இன்னும் என் மேசை டிராயரில் இருக்கிறது. நேற்று சார்ஜ் போட்டுப் பார்த்தேன், உயிர் வந்தது. ஞாயிற்றுக்கிழமை எடுத்து வருகிறேன். கத்தி வேண்டாம், நகம் போதும்.