தூங்குற நாயைத் தொட்டு எழுப்பாதீங்க

தூக்கத்துல நாய் காலை உதறி, வாய்க்குள்ளயே குரைச்சு, முனகினா உடனே உலுக்கி எழுப்புறவங்க நம்ம பக்கம் நிறைய. தயவுசெஞ்சு வேணாம். பெரும்பாலும் அது கனவுதான்.

கண்ணசந்து ஏறக்குறைய 20 நிமிஷத்துல கனவுத் தூக்கம் வரும். மூடின இமைக்குள்ள விழி உருளும், மூச்சு தாறுமாறாகும், மீசை துடிக்கும், பாதம் வெட்டி வெட்டி இழுக்கும். சில நிமிஷத்துல அடங்கிடும். அந்த நேரத்துல மூளைத்தண்டுல 'பான்ஸ்'ங்கிற பகுதி தசைகளைக் கட்டிப்போட்டிருக்கும். அதனாலதான் கனவுல ஓடுற நாய் நிஜமா எழுந்து ஓடுறதில்ல. குட்டிக்கு அந்தக் கட்டு இன்னும் முழுசா வரல, வயசான நாய்க்குத் தளர்ந்திருக்கும். ரெண்டும் அதிகமா துள்ளும்.

2001ல அமெரிக்காவோட எம்ஐடி பல்கலைக்கழக ஆய்வுல, வட்டப்பாதையில ஓடினப்போ எலிகளோட மூளையில செல்கள் இயங்கின அதே வரிசை கனவுத் தூக்கத்துலயும் திரும்ப ஓடுச்சு. எலிக்கே அப்படின்னா நாய்க்கும் பகல்ல பட்டதுதான் ராத்திரி வரும்னு நம்புறேன். காசிமேட்டுல மீன்கூடை பின்னாடி அலைஞ்சதும் வரும், சாவு ஊர்வலத்துல வெடிச்ச சரவெடியும் வரும்.

முனகல் அதிகமானா கைக்கு எட்டாத தூரத்துல நின்னு பேர் சொல்லிக் கூப்பிடுங்க. அரைத்தூக்கத்துல அது ஆளைப் பார்க்காது, பல்லு முந்திக்கும். ஒரே ரூம்ல குழந்தையும் நாயும் பக்கத்துல பக்கத்துல படுக்குற வீட்டுல இதைக் குழந்தைக்குக் கட்டாயம் சொல்லிவைங்க. கடிச்சிட்டா, வீட்டு நாய்தானேன்னு விடாதீங்க. ஓடுற தண்ணியில சோப்பு போட்டு 15 நிமிஷம் கழுவி, அன்னைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்க.

வலிப்பு வேற. கால் நாலும் விறைச்சுக்கும், நுரை தள்ளும், மூத்திரம் போகும், கூப்பிட்டா முழிக்காது. தெளிஞ்சப்புறமும் தள்ளாடும். அப்போ சாவிக்கொத்தை வைக்கிறது, வாய்க்குள்ள கை விடுறது ரெண்டும் கூடாது, நாய் நாக்கை முழுங்காது. பக்கத்துல இடிக்கிற சாமானை நகர்த்துங்க, மணி பாருங்க, போன்ல வீடியோ எடுங்க. டாக்டருக்கு அந்த வீடியோ பெரிய உதவி. 5 நிமிஷம் தாண்டினாலோ, ஒரே நாள்ல திரும்ப வந்தாலோ உடனே சென்னை வேப்பேரி கால்நடை மருத்துவமனைக்குத் தூக்கிட்டு ஓடுங்க.

இன்னொண்ணு, தெருவுல எடுத்து வளர்க்குறவங்களுக்கு. முழிச்சிருக்கும்போதும் ஒரே தாளத்துல கால் இல்லன்னா தாடை வெட்டிட்டே இருந்தா அது கனவே இல்ல, டிஸ்டெம்பர்ங்கிற வைரஸ் நோயா இருக்கலாம். கண்ணுல பீளை, மூக்குல சளி பெரும்பாலும் முன்னாடியே வந்திருக்கும். அந்த நிலைமைக்கு வந்தப்புறம் காப்பாத்துறது ரொம்பக் கஷ்டம். தடுப்பூசியை 6-8 வாரத்துலயே ஆரம்பிச்சு, 3-4 வாரத்துக்கு ஒண்ணா 16 வாரம் வரைக்கும் போடணும். முதல் ஊசியோட நிறுத்திடுறவங்கதான் அதிகம், அந்தக் குட்டிக்குப் பாதுகாப்பு முழுசா கிடைச்சிருக்காது.